மொட்டை மாடியில் எத்தனை யூனிட் விளையும்?

ஏப்ரல் 21-ஆம் தேதி வாக்கில், மதியம் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி, புதுச்சேரியில் வெட்டவெளியில் நிற்கும் விளக்குக் கம்பத்துக்கு நிழல் இருக்காது. சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு வடக்கே நகர்ந்துவிடும். மே, ஜூன், ஜூலை முழுக்க உச்சிவெயில் நமக்கு வடக்குப் பக்கமிருந்துதான் அடிக்கும். ஆகஸ்ட் 21 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வந்து, தெற்கே இறங்கி, மார்கழியில் கடைசி எல்லையைத் தொடும். ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருக்கும் நம் ஊருக்கு இது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. சோலார் பேனல் போட நினைப்பவர் முதலில் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

ஆனால் என்னிடம் கேட்பவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் மாடியில் பேனல் ஏறியதிலிருந்து, தெருவில் யார் நிறுத்தினாலும் ஒரே கேள்வி. எதிர்வீட்டு மாமா போன வாரம்கூட நிறுத்தினார். "ஏம்மா, நம்ம ஊரு வெயில் இதுக்குப் போதுமா? கடலோரம், மேகம் வந்து வந்து போகுது. ராஜஸ்தான் மாதிரி இல்லையே?"

போதும் மாமா, தாராளமாகப் போதும். புதுச்சேரியில் ஒரு சதுர மீட்டர் தரையில் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்தே கால் முதல் ஐந்தரை யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. வருடக் கணக்கில் பார்த்தால் 1,900 யூனிட்டுக்கு மேல். ஜெர்மனியில் அதே ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 1,000 முதல் 1,200 யூனிட்தான். அந்த மங்கலான வானத்தை வைத்துக்கொண்டு அவர்கள் 2024 முடிவதற்குள் கிட்டத்தட்ட 100 ஜிகாவாட் பேனல் போட்டுவிட்டார்கள். வெயிலைப் பற்றி நாம் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

பேனல் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோவாட் பேனல், நிழல் படாத மாடியில் ஒழுங்காகப் போட்டிருந்தால், இந்த ஊரில் வருடத்துக்கு 1,400 முதல் 1,500 யூனிட் தரும். சராசரி நாளொன்றுக்கு நாலு யூனிட் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இப்போது பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனலில் ஆறு போட்டால் மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரும். ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், நாலு அடிக்குச் சற்றுக் குறைவான அகலம், முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. எங்கள் மாடியில் இருப்பதும் இந்த அளவுதான். பங்குனியில் நல்ல நாளாக இருந்தால் 15, 16 யூனிட் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க அடைமழை பிடித்தால் இரண்டைத் தாண்டாது.

இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஒரு மழைநாளில் கைபேசியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டாங்க" என்று கம்பெனிக்காரரைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லும் கதை லெ ழாந்தியுடையது. நம் ஊர்க் கதை, ஆனால் நம் ஊரிலேயே அதிகம் பேருக்குத் தெரியாது.

கியோம் லெ ழாந்தி பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போகும் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக 1760-இல் பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். அந்தக் காட்சி எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும்; பிறகு நூறு வருடத்துக்கு மேல் வராது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அவருடைய கப்பல் மாஹே பக்கம் வந்தபோதுதான் சேதி தெரிந்தது, திரும்ப வேண்டியதாயிற்று. அந்த வருடம் ஜூன் 6-ஆம் தேதி, ஆடிக்கொண்டிருக்கும் கப்பலில் நின்று வெறுமனே பார்த்தார், அளக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடல் பக்கமே அடுத்த முறைக்காகக் காத்திருந்தார். 1768-இல், அதற்குள் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிபாடுகளுக்கு நடுவே ஒரு வானாய்வுக் கூடமும் கட்டிக்கொண்டார். 1769 ஜூன் 4 விடியற்காலை காட்சி வர வேண்டிய நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபோது அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டி, அறிவியல் அகாதெமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காலையின் சில மணி நேரம். பேனல் வைத்திருக்கும் நமக்கு அப்படி இல்லை. இன்று காலை மேகம் மூடினால் என்ன, நாளைக்கு வரும். நவம்பரில் விட்டதை மார்ச்சில் பிடிக்கலாம். நம் கணக்கு பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து.

அந்தப் பன்னிரண்டு மாதம் இந்த ஊரில் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துப் பழகிவிட்டால் பதற்றம் போய்விடும். தைக்குப் பிறகு ஏறத் தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை உச்சம். அப்போது சதுர மீட்டருக்கு ஆறு யூனிட்டுக்கு மேல் வெயில் விழும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் வந்து போகும். குறையும், ஆனால் மோசமில்லை. வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு உண்மையான பள்ளம். நவம்பர், டிசம்பரில் நாலு யூனிட்டை ஒட்டி வந்து நிற்கும்.

அக்னி நட்சத்திரத்தில் கரண்டு கொட்டும் என்று நினைக்காதீர்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. பேனலின் மேல் எழுதியிருக்கும் 540 வாட் என்பது செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. மே மாத மதியம் நம் மாடியில் அது 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். நாற்பது டிகிரிக்குக் கணக்குப் போடுங்கள்: 14 சதவீதம் போயிற்று. 540 வாட் 465-க்கு வந்துவிடும். அதனால்தான் வெயில் நன்றாக இருந்தும் காற்று இதமாக இருக்கும் மாசி, பங்குனி நாட்களில் மீட்டர் அழகாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடற்காற்று வந்துவிட்டால் பேனலுக்கும் நல்லது. பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் காற்று புகுந்து போகும்படி தூக்கி நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

சாய்வு விஷயத்தில் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தெற்கு பார்த்து 10 முதல் 12 பாகை சாய்வு. மாடி கொஞ்சம் கிழக்கு, மேற்குப் பார்த்து இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேலேயே ஓடும் ஊர் இது. முற்றிலும் தட்டையாக மட்டும் போடாதீர்கள். சாய்வு இருந்தால்தான் மழை பேனலைக் கழுவிவிட்டுப் போகும். காக்கை எச்சத்தை மழை கழுவாது, நாம்தான் துடைக்க வேண்டும். விடியற்காலையில் துடையுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் மதியம் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படியும். குழாயில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு வாளி போதும்.

இனி நிழல். இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் யூனிட்டைத் தின்பது மேகத்தைவிட நிழல்தான்.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை மணி இருக்கும். பக்கத்து மனையின் தென்னையிலிருந்து ஒரே ஒரு மட்டையின் நிழல், கீற்றுக் கீற்றாக, மேற்கு ஓரப் பேனலின் கீழ் மூலையில் ஏறியது. கை அகலத்துக்கு மேல் இருக்காது. கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த உற்பத்திக் கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்தது. காற்றில் மட்டை ஒதுங்கியது, கோடு ஏறியது. மறுபடி நிழல், மறுபடி பள்ளம்.

பேனலுக்குள் இருக்கும் 144 அரைச் செல்களும் கோத்துக் கோத்து இணைக்கப்பட்டவை. வரிசையில் ஒரு செல் நிழலில் கிடந்தால், அதன் வழியாகப் போக வேண்டிய கரண்டு மொத்தமும் மட்டுப்படும். அந்தச் செல்லும் சூடேறும். இதைத் தவிர்க்கத்தான் பேனலின் பின்பக்கப் பெட்டியில் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடு வைக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை ஓடவைக்கும். ஆனால் விட்டது விட்டதுதான். கை அகல நிழலுக்குப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போகும். மாடியில் தவிர்க்கவே முடியாத நிழல் இருந்தால், பேனலுக்குப் பேனல் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் போடுவது நல்லது. விலை கூடும், ஆனால் ஒரு பேனலின் நோய் மற்றதற்குத் தொற்றாது.

நிழலைக் கணக்கிட மார்கழிதான் சரியான மாதம். டிசம்பர் 21 வாக்கில், நண்பகலில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 35 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். உங்களுக்குத் தெற்கே இருக்கும் சுவர் உங்கள் மாடியைவிட 10 அடி உயரம் என்றால், நண்பகலில் ஏழு அடிக்கு நிழல் விழும். காலை ஒன்பது மணிக்கு அதே சுவரின் நிழல் 16 அடி, வடமேற்காக. இந்த மாதத்தில் காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போய் நிழல் விழும் எல்லையைக் கோடு போட்டுவையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே போட்ட பேனல் வருடம் முழுக்கப் பெரும்பாலும் வெயிலில் இருக்கும். வடக்குப் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள்: ஆனி மாதத்தில் சூரியன் வடகிழக்கே உதித்து வடமேற்கே விழும், அப்போது வடக்கே இருக்கும் மாடிப்படி அறையும் தண்ணீர்த் தொட்டியும் காலை மாலை நிழல் போடும்.

இந்த ஞானம் நம் ஊருக்குப் புதிதல்ல. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பாருங்கள். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து 1930-களின் இறுதியில் எழும்பத் தொடங்கிய கட்டடம். நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும். சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய கான்கிரீட் பலகைகள். சூரியன் எந்த மாதம் எங்கே நிற்கும் என்று பார்த்துப் பார்த்து அதை உள்ளே விடாமல் காற்றை மட்டும் விட்ட வேலை அது. அதே கணக்கைத்தான் நாம் இப்போது வெயிலைப் பிடிக்கப் போடுகிறோம். வடக்கே பத்து கிலோமீட்டர் போனால் ஆரோவில். அங்கே சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்று கண்ணாடிகளோடு வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அதன் சூட்டில் நீராவி எடுத்துச் சமைக்கவே கட்டியது. அங்கேயே இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்காக 1990-களின் கடைசியில் 36.3 கிலோவாட் மின்நிலையம் அமைத்தார்கள். அதற்கு 75 வாட் பேனல்கள் 484 தேவைப்பட்டன. இன்றைய 540 வாட் பேனலில் 68 போட்டால் அது வந்துவிடும். பிரெஞ்சு இளைஞர் எட்மோன் பெக்கரெல் 1839-இல், பத்தொன்பது வயதில், ஒளி பட்டால் கரண்டு பிறப்பதைக் கண்டதிலிருந்து தொடங்கிய பயணம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைகிறது.

நகருக்குள் சிக்கல் வேறு மாதிரி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடி எழுப்பினால் உங்கள் மொட்டை மாடி பாதி நாள் இருட்டில். பழைய வீடுகளின் தளமோ மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்டது. அதில் டிரில் போட்டு போல்ட் இறக்கினால் அடுத்த மழைக்கே ஒழுகும், உத்திரம் உளுத்துப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் பாரத்தைச் சுவரின் தலைக்குக் கொண்டுபோக வேண்டும். பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் யாரையும் மாடியில் ஏறவிடாதீர்கள்.

கடலும் புயலும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்தபோது ஊர் எப்படி இருந்தது என்று நம்மில் யாருக்கு மறக்கும்? 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் நம் பக்கத்தில் கரையேறி, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. வத்தல் காய வைக்க இடம் வேண்டும் என்று பேனலை எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டுகிறோம், நியாயமான ஆசைதான். ஆனால் அவ்வளவு உயரத்தில் புயல் காற்று அடியில் புகுந்து தூக்கும் விசை பயங்கரமானது. கால்களைக் குறுக்குக் கம்பியால் பின்ன வேண்டும், அடியில் கான்கிரீட் பீடம் வேண்டும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அல்லது அலுமினியம், எவர்சில்வர் போல்ட். பெயின்ட் அடித்த வெறும் இரும்பை வைத்திக்குப்பம் பக்கத்து உப்புக்காற்று சில வருடத்தில் அரித்துவிடும். பேனல் உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா என்று சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

புயலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று, பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும் செய்தி: தெருவில் கரண்டு போனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும். பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் மின்துறை ஊழியருக்கு நம் மாடியிலிருந்து கரண்டு பாய்ந்துவிடக் கூடாது. அவர் உயிருக்கான பாதுகாப்பு அது. தானே மாதிரி நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் போகும்போது விளக்கும் ஃபேனும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியாக வாங்க வேண்டும். பிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

பணம். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. மொத்தம் 78,000 மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். மூன்று கிலோவாட் மாதத்துக்கு ஏறக்குறைய 350 யூனிட் தரும். இது யாருக்கு லாபம்? நம் ஊரில் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட்டுக்கும் 300-க்கு மேல் போவதற்கும் விலை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மாதம் 400 யூனிட் ஓட்டும், ஏசி இரண்டு வைத்திருக்கும் வீட்டுக்குப் போட்ட பணம் சில வருடத்தில் திரும்பிவிடும். மாதம் 120 யூனிட்டில் குடும்பம் நடத்தும் வீட்டுக்குக் கடன் வாங்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. வாசலில் வந்து நிற்கும் ஏஜென்டுகள் இந்த இருவரிடமும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள்; அது தவறு.

ஊருக்கு என்று பார்த்தால் கதை வேறு. நம் யூனியன் பிரதேசத்துக்குச் சொந்தமாகச் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது காரைக்காலில் இருக்கும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மிச்சமெல்லாம் நெய்வேலி, கல்பாக்கம் என்று வெளியிலிருந்து மத்திய நிலையங்களின் பங்காக வருகிறது. பேனல் பரப்ப நம்மிடம் பொட்டல் காடும் இல்லை. இருப்பது மாடிகள். பள்ளிக்கூட மாடிகளை நினைத்துப் பாருங்கள்: மே மாதம் வெயில் அடிக்கும்போது வகுப்பு கிடையாது, விளையும் யூனிட் மொத்தமும் தெருவுக்குப் போகும். ஒரு மாடியில் விளைந்ததை அடுக்ககத்தில் இருப்பவர், மாடி இல்லாதவர் என்று பலர் பில்லில் பிரித்துக் கழிக்கும் முறையைத் தில்லியில் 2019-இலேயே கொண்டுவந்தார்கள். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையத்து அடுக்ககங்களில் அது பரவலாக வர வேண்டும் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு தடை நம் ஊருக்கே உரியது. மானியம் வேண்டுமானால் மின் இணைப்பு விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். நகருக்குள் எத்தனை வீட்டு மீட்டர் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது! வாரிசுகளில் பாதிப் பேர் பிரான்ஸ் குடியுரிமையோடு அங்கே இருப்பார்கள்; வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வாடகைக்கு. நிழலே படாத அருமையான மாடிகள் அப்படி வெயிலில் சும்மா காய்கின்றன. மிஷன் வீதிக்கு மேற்கே எங்கள் அத்தை வீடும் அப்படித்தான். அத்தைக்கு மாதம் 350 யூனிட்டுக்கு மேல் வருகிறது. தளம் பலமான கான்கிரீட். தெற்கே தடையே இல்லை. மீட்டர் மட்டும் இறந்துபோன மாமனார் பெயரில். பெயர் மாற்ற வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் இருக்கும் மூன்று பேர் போட்டுவிட்டார்கள். சின்ன மாமா பாரிஸிலிருந்து டிசம்பர் லீவுக்கு வருகிறார். அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே வாரம் சாக்பீஸோடு மாடிக்குப் போகலாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.